அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றங்களின் பழைய சொத்துக் கட்டுகளையும் பாதுகாவலர் ஆவணங்களையும் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மருமகளோ மருமகனோ அந்நாட்டைச் சேர்ந்தவராக இருப்பது இன்று அரிதன்று. பேரப்பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் இன்னொரு வேரைப் பற்றிக் கேட்கத் தொடங்கும்போது, அதைத் தேடும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் ஓய்வாக இருக்கும் நம்மிடம்தான் வந்து சேர்கிறது. என் மருமகளின் முன்னோர் வட கரோலினாவைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தேடியபோது எனக்கு மிகுதியாகக் கைகொடுத்தவை கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றங்களில் கிடக்கும் சொத்து நிர்வாகக் கட்டுகளும், அதாவது இறந்தவரின் சொத்தைக் கணக்கிட்டுப் பங்கிட்டபோது சேர்ந்த தாள்களும், மைனர் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட பாதுகாவலர்களின் ஆவணங்களும்தான். மிகுதியாகத் திணறவைத்தவையும் அவையே. எந்த அலுவலகம், எந்தப் புத்தகம், என்ன செலவு என்பதைத் தமிழில் சொல்லும் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே வரிசையாக எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட கரோலினாவிலிருந்து வரும். வழிமுறை மற்ற மாநிலங்களுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

1. முதலில் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

தேடப்படுபவரின் முழுப் பெயர், அந்தப் பெயரை எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்கள், மனைவி அல்லது கணவரின் பெயர், தெரிந்த பிள்ளைகளின் பெயர்கள், வாழ்ந்த கவுண்டி, இறந்த ஆண்டு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இறந்த ஆண்டு தெரியாவிட்டால், அவர் உயிரோடு இருந்ததைக் காட்டும் கடைசி ஆவணத்தின் ஆண்டையும், மனைவி விதவை என்று குறிக்கப்பட்ட முதல் ஆவணத்தின் ஆண்டையும் எழுதுங்கள். தேட வேண்டிய காலம் அந்த இரண்டுக்கும் இடையில் அடங்கிவிடும். இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்துதான் வீட்டில் இருந்த சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகிறது. குடும்பத் தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்பது 1880-இலிருந்துதான் எழுதப்படுகிறது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அங்கே இருபது ஆண்டு இடைவெளி விழும்.

இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணாதீர்கள். வட கரோலினாவில் மாநிலம் முழுவதற்குமான இறப்புப் பதிவு 1913-இல்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்டவர்களுக்கு, இறந்த காலத்தையும் வாரிசுகளையும் சேர்த்துச் சொல்லும் அரசு ஆவணம் பெரும்பாலும் நீதிமன்றக் கட்டு ஒன்றுதான்.

2. கவுண்டியையும் நீதிமன்றத்தையும் ஆண்டோடு சேர்த்து உறுதி செய்யுங்கள்

புதியவர்களின் நேரம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்றைய வரைபடத்தில் ஒரு கிராமம் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ, அதே கவுண்டியில்தான் 150 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கும் என்று கொள்ள முடியாது. டர்ஹம் கவுண்டி 1881-இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தப் பகுதியின் பெரும்பங்கு ஆரஞ்ச் கவுண்டியைச் சேர்ந்தது. ஆகவே 1870-இல் இறந்த ஒரு டர்ஹம் விவசாயியின் ஆவணத்தை ஆரஞ்ச் கவுண்டியின் தலைநகரான ஹில்ஸ்பரோவின் பதிவுகளில் தேட வேண்டும். அலமான்ஸ் கவுண்டியும் இப்படி 1849-இல் ஆரஞ்சிலிருந்து பிரிந்ததுதான். சிகாகோவின் நியூபெரி நூலகம் வெளியிட்டுள்ள கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். எந்தத் தேடலையும் அதைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்தது நீதிமன்றத்தின் பெயர். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். ஒரே மாநிலத்திலும் காலத்துக்கேற்ப மாறும். வட கரோலினாவில் 1868 வரை ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கவுண்டி நீதிமன்றம் சொத்து, பாதுகாவலர் விவகாரங்களைப் பார்த்தது. அதன் பிறகு சுப்பீரியர் கோர்ட்டின் கிளார்க் பார்க்கிறார். நியூயார்க்கில் சரோகேட் கோர்ட், பென்சில்வேனியாவில் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ் அலுவலகமும் ஆர்ஃபன்ஸ் கோர்ட்டும், ஜார்ஜியாவில் நெடுங்காலம் கோர்ட் ஆஃப் ஆர்டினரி, கலிபோர்னியாவில் 1880 முதல் சுப்பீரியர் கோர்ட். கனெக்டிகட்டில் கவுண்டியே கணக்கில் வராது, புரொபேட் (உயிலையும் இறந்தவரின் சொத்தையும் நீதிமன்றம் கையாளும் நடவடிக்கை) மாவட்டம்தான் கணக்கு. ரோட் ஐலண்டில் ஊர் நிர்வாகமே வைத்திருக்கும். லூசியானாவில் கவுண்டிக்குப் பதிலாகப் பாரிஷ். நீங்கள் தேடும் மாநிலத்தில், நீங்கள் தேடும் ஆண்டில் இந்த வேலையைச் செய்த நீதிமன்றம் எது என்பதை உங்கள் தாளின் தலைப்பில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. பணம் செலவழிப்பதற்கு முன் வீட்டிலிருந்து தேடுங்கள்

குடும்ப வரலாற்று ஆவணங்களை இணையத்தில் தரும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். வட கரோலினாவின் சொத்துக் கட்டுகள் அங்கே கவுண்டி வாரியாகவும், அதற்குள் இறந்தவரின் பெயர் வாரியாகவும் படங்களாகக் கிடைக்கின்றன. வேறு பல மாநிலங்களின் உயில் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: முகப்பில் உள்ள பெயர்த் தேடல் பெட்டியில் போட்டு ஒன்றும் வரவில்லை என்பதால் ஆவணம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படமெடுக்கப்பட்ட புத்தகங்களில் பெரும்பங்குக்குப் பெயர் அட்டவணை இன்னும் செய்யப்படவில்லை. தளத்தின் நூற்பட்டியலுக்குள் சென்று, மாநிலம், கவுண்டி, புரொபேட் ஆவணங்கள் என்ற வரிசையில் இறங்கி, புத்தகத்தின் பக்கங்களை நீங்களே புரட்ட வேண்டியிருக்கும்.

2024-இல் அத்தளம் முழுப்பாடத் தேடல் என்ற வசதியைத் தொடங்கியது. கையெழுத்துப் பக்கங்களைக் கணினி தானே படித்து எழுத்தாக்கியிருப்பதால், ஆவணத்தின் நடுவில் வரும் பெயர்களும் அகப்படும். சாட்சியாகவோ, ஜாமீன்தாரராகவோ, ஏலத்தில் ஒரு கலப்பை வாங்கியவராகவோ மட்டும் வருகிற ஒருவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இப்போது இல்லை. கணினி தவறாகப் படிக்கும் என்பதை மனத்தில் வைத்து, குடும்பப் பெயரைப் பல விதமாக இட்டுப் பாருங்கள்.

சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காமல், பூட்டுக் குறியைக் காட்டும். அவற்றுள் பலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ, அதோடு இணைந்த பொது நூலகத்துக்கோ நேரில் சென்றால் பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி தளம் 2015-இல் அமெரிக்க உயில், புரொபேட் ஆவணங்களின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது; அதற்குச் சந்தா உண்டு. ஆயினும் சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். நூலகப் பதிப்பு என்ற பெயரில் பல நூலகங்கள் அதை இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன.

4. அட்டவணைப் புத்தகத்தைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கவுண்டியின் அட்டவணை நேரான அகர வரிசையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பல கவுண்டிகள் ரஸ்ஸல் முறை என்ற ஒன்றைப் பயன்படுத்தின. குடும்பப் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு புத்தகத்தின் பகுதியை எடுக்க வேண்டும். பிறகு மீதி எழுத்துகளுள் எல் (L), எம் (M), என் (N), ஆர் (R), டி (T) ஆகிய ஐந்தில் முதலில் வருவது எதுவோ அதைக் கொண்டு பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கம் பெரும்பாலும் புத்தகத்தின் முன் பக்கங்களிலேயே அச்சிடப்பட்டிருக்கும். படங்களைப் புரட்டும்போது முதல் சில படங்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

அட்டவணையில் பதிவு இறந்தவரின் பெயரில்தான் இருக்கும் என்பதும் உறுதியில்லை. சில கவுண்டிகள் நிர்வாகியின் பெயரிலும், சில பாதுகாவலரின் பெயரிலும் வரிசைப்படுத்தின. ஆகவே மனைவியின் தந்தை, உடன்பிறந்தவர், இறந்தவரின் சகோதரர் ஆகியோரின் பெயர்களிலும் பார்க்க வேண்டும்.

5. உயிலோடு நிறுத்திவிடாமல் கட்டு முழுவதையும் கேளுங்கள்

நான் சொல்ல வருவதிலேயே முக்கியமானது இதுதான். உயில் ஒன்று கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உயில் எழுதாமல் இறந்தவர்களே அன்று மிகுதி. உயில் எழுதியவர்களும் எல்லாப் பிள்ளைகளையும் அதில் குறிப்பிடவில்லை. மூத்த மகனுக்கு ஏற்கெனவே நிலம் கொடுத்திருந்தால் அவன் பெயரே வராமல் போகலாம். குடும்பத்தின் முழு உருவம் தெரிவது, நீதிமன்றத்தில் தனித்தாள்களாகச் சேர்ந்து கட்டி வைக்கப்பட்ட கட்டில்தான். புத்தகங்களில் இருப்பது எழுத்தர் பார்த்து எழுதிய நகல். அசல் கையெழுத்தும், சிறு ரசீதுகளும், நீதிபதிக்கு எழுதிய மனுக்களும் கட்டில் மட்டுமே இருக்கும். வட கரோலினாவின் பெரும்பாலான கவுண்டிகளுடைய பழைய கட்டுகள் ராலேயிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குச் சென்றுவிட்டன.

கட்டில் வரக்கூடியவற்றை அவை உருவான வரிசையில் சொல்கிறேன். முதலில் நியமனம். உயில் இருந்தால் நிறைவேற்றாளருக்கு லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி, இல்லாவிட்டால் நிர்வாகிக்கு லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வழங்கப்படும். நீதிமன்றம் ஆண்டுக்கு நான்கு முறையே கூடியதால், இறப்புக்கு அடுத்து வந்த அமர்விலேயே இது பெரும்பாலும் நடந்திருக்கும். இறந்த காலத்தைச் சில மாதங்களுக்குள் சுருக்கிக்கொள்ள இதுவே போதும். நியமனத்தோடு பிணைப் பத்திரம் எழுதப்படும். அதிலுள்ள தொகை வழக்கமாக அசையும் சொத்தின் உத்தேச மதிப்பைப் போல இரு மடங்கு. ஆகவே அதைப் பாதியாக்கினால் குடும்பத்தின் வசதி ஓரளவு தெரிந்துவிடும். ஜாமீன் கையெழுத்திட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய தொகைக்கு முன்பின் தெரியாத யாரும் பொறுப்பேற்க மாட்டார். பலமுறை அவர் மைத்துனராகவோ மாமனாராகவோ இருப்பார்.

அடுத்துச் சொத்துப் பட்டியல், அதைத் தொடர்ந்து ஏலக் கணக்கு. கட்டில், கெண்டி, தறி, சோள மூட்டை என்று ஒவ்வொன்றும், வாங்கியவர் பெயரும், விலையும் இருக்கும். விதவைக்கு ஓராண்டு உணவுக்காக ஒதுக்கப்பட்ட தானியமும் இறைச்சியும் தனித்தாளில் இருக்கும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் ஆயுள் வரை அனுபவிக்க அளந்து கொடுத்த விவரம் இன்னொன்றில் இருக்கும். கடன் கேட்டு வந்தவர்களின் சீட்டுகளுக்குள் மருத்துவரின் கட்டணமும் சவப்பெட்டி செய்த தச்சரின் ரசீதும் அகப்படலாம். இறுதியில் வருவது பங்கீடு. மணமான மகள்கள் கணவரின் பெயரோடும், மேற்கே குடிபெயர்ந்த மகன்கள் அவர்கள் வாழ்ந்த மாநிலத்தின் பெயரோடும் இதில் வருவார்கள். ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: நிர்வாகியின் பட்டியலில் நிலம் பெரும்பாலும் இராது, அது வாரிசுகளுக்கு நேரே சென்றது. நிலப் பிரிவினை மனுவையும் கிரயப் பத்திரங்களையும் தனியே தேட வேண்டும்.

தென் மாநிலங்களின் 1865-க்கு முற்பட்ட கட்டுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களும் சொத்தாக எழுதப்பட்டிருப்பார்கள். பெயர், வயது, தாய் யார் என்பது, பக்கத்தில் ஒரு விலை. படிப்பதற்கே மனம் நடுங்கும். ஆயினும் 1850, 1860 ஆண்டுகளின் கணக்கெடுப்பு அடிமைப் பட்டியல்களில் மிகப் பெரும்பாலும் பெயர்கள் இல்லாததால், அந்த மனிதர்களின் சந்ததியினருக்குத் தங்கள் முன்னோரின் பெயர் கிடைக்கும் இடம் பலமுறை இந்தத் தாள் ஒன்றே. நீங்கள் வேறு குடும்பத்தைத் தேடினாலும் இத்தகைய பக்கத்தைக் கண்டால் படத்தின் எண்ணோடு பெயர்களைப் படியெடுத்து, அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.

6. பாதுகாவலர் ஆவணங்களைத் தனியாகத் தேடுங்கள்

தந்தை இறந்து மைனர் பிள்ளைகள் இருந்தால், இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, தாயும் இறந்துவிட்டார் என்று பலர் குடும்ப மரத்தில் எழுதிவிடுகிறார்கள். அன்றைய நீதிமன்றப் பதிவுகளில் அநாதை என்பது பெரும்பாலும் தந்தையை இழந்த குழந்தையைத்தான் குறித்தது. தாய் அதே வீட்டில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய சொத்தை மட்டும் சிற்றப்பாவோ தாய்மாமனோ நிர்வகித்திருப்பார். தந்தை உயிரோடு இருக்கும்போதே தாய்வழித் தாத்தாவின் சொத்து பேரப்பிள்ளைகளுக்கு வந்து, அதற்காகப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டதும் உண்டு.

தேட வேண்டியவை மூன்று: நியமன உத்தரவு, பாதுகாவலரின் பிணைப் பத்திரம், ஆண்டுக் கணக்கு. பல மாநிலங்களில் 14 வயது நிறைந்த பிள்ளை தனக்குரிய பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், உத்தரவில் அப்படி இருந்தால் குறைந்தபட்ச வயது தெரிந்துவிடும். 21 வயது நிறையும்போது, பெண்களுக்குச் சில மாநிலங்களில் 18-இல், கணக்கு முடிக்கப்பட்டு ரசீது எழுதப்படும். அதிலிருந்து பிறந்த ஆண்டைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். பெண் இடையில் மணந்துகொண்டால் கணக்கில் கணவரின் பெயர் நுழையும். பள்ளிச் சம்பளம், காலணி, துணி, மருந்து என்று ஆண்டு தோறும் எழுதிய செலவுகளைப் படிக்கும்போது அந்தக் குழந்தை எங்கே, யார் வீட்டில் வளர்ந்தது என்பது புலப்படும். ஆகவே தந்தை இறந்த ஆண்டோடு நிறுத்தாமல், கடைசிக் குழந்தைக்கு 21 வயதாகும் ஆண்டு வரை புத்தகங்களைப் புரட்டுங்கள். சொத்தில்லாத குழந்தைகளுக்குப் பாதுகாவலர் இருக்க மாட்டார். அவர்களை நீதிமன்றம் தொழில் பழக ஒருவரிடம் ஒப்படைத்திருக்கும். அந்தப் பத்திரங்கள் வேறு தொகுப்பில் இருக்கும்.

இந்த ஆவணங்கள் எங்கும் கருணையின் பதிவாக இருக்கவில்லை. ஒக்லஹோமாவில் 1908-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் மக்களின் மைனர் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைக் கவுண்டி நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. எண்ணெய் வளமுள்ள நிலங்கள் பல பாதுகாவலர்கள் வழியாகவே பறிபோயின. கலிபோர்னியாவில் 1920-ஆம் ஆண்டு நிலச் சட்டம், குடியுரிமை பெற முடியாத ஆசியப் பெற்றோர் தங்கள் குழந்தைகளின் நிலத்துக்குப் பாதுகாவலராக இருப்பதைத் தடுத்தது. 1922-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஜப்பானியக் குடும்பங்களோடு பஞ்சாபிலிருந்து சென்று குடியேறியவர்களும் பிள்ளைகளின் பெயரில் நிலம் வைத்ததால், இம்பீரியல் பள்ளத்தாக்கின் இந்தியக் குடும்பங்களைத் தேடுபவர்கள் அங்குள்ள பாதுகாவலர் ஆவணங்களையும் பார்க்க வேண்டும்.

7. அலுவலகத்துக்கு எழுதும்போது செலவையும் காலத்தையும் முன்கூட்டியே கேளுங்கள்

பழைய புரொபேட் ஆவணங்கள் பொது ஆவணங்கள். உறவை நிரூபிக்கும் சான்று பொதுவாகத் தேவையில்லை. அண்மைக்காலப் பாதுகாவலர் வழக்குகளும் தத்தெடுப்புக் கட்டுகளும் மட்டும் மூடி வைக்கப்பட்டிருக்கலாம்.

முதலில் மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தைப் பாருங்கள்; கட்டு அங்கே இருந்தால் கவுண்டிக்கு எழுதுவது வீண். கவுண்டியில்தான் இருக்கிறது என்றால், ஒரு கடிதத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் கேளுங்கள். பெயர், ஆண்டு வரம்பு, தெரிந்தால் புத்தக எண்ணும் பக்க எண்ணும், இவை மூன்று வரிகளில் முடிய வேண்டும். குடும்பக் கதையை எழுதினால் கடிதம் ஓரமாகப் போய்விடும். உயிலை மட்டும் கேட்காமல், கட்டிலுள்ள எல்லாத் தாள்களின் நகலும் தேவை என்றும், மொத்தம் எத்தனை பக்கம், என்ன செலவு என்பதை முதலில் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடும். கலிபோர்னியாவில் நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், பத்து நிமிடத்துக்கு மேற்படும் தேடலுக்கு 15 டாலர் என்ற அளவில் இருக்கிறது. நியூயார்க் சரோகேட் கோர்ட்டில் 25 ஆண்டுக்கு மேற்பட்ட தேடல் என்றால் 90 டாலர் வரை ஆகும். கட்டணங்கள் மாறக்கூடியவை, அனுப்பும் நாளில் அலுவலகத் தளத்தில் மீண்டும் சரிபாருங்கள். சான்றிட்ட நகலுக்குத் தனிக்கட்டணம் உண்டு. குடும்ப வரலாற்றுக்குச் சாதாரண நகலே போதும். சிறு கவுண்டிகள் பல இன்னும் காசோலையோ மணி ஆர்டரோதான் ஏற்கின்றன. தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையும் கேட்கும். இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் அங்குள்ள பிள்ளைகள் வழியாக அனுப்புவதே எளிது. பதில் சில வாரங்களிலும் வரலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருமுறை பணிவாகத் தொலைபேசியில் கேட்கலாம். அடிக்கடி கேட்பது பயன் தராது. நேரில் செல்வதாக இருந்தால், பழைய புத்தகங்கள் வேறு கட்டடத்தில் இருக்கின்றனவா என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்யுங்கள். நீதிமன்ற வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு என்பதால், படமெடுக்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

8. நீதிமன்றம் எரிந்துபோயிருந்தால்

சில இடங்களில் உண்மையிலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் ஆவணங்கள் 1871 தீயிலும், சின்சினாட்டியில் ஹாமில்டன் கவுண்டி நீதிமன்றத்தின் ஆவணங்கள் 1884 கலவரத் தீயிலும், சான் பிரான்சிஸ்கோவின் ஆவணங்கள் 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயிலும் பெருமளவு அழிந்தன. வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் உள்நாட்டுப் போருக்குப் பயந்து பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய புத்தகங்கள் 1865-இல் அங்கேயே எரிந்தன. ஆனால் எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். எந்த ஆண்டு, எந்தப் புத்தகங்கள் என்று கேளுங்கள். கிரயப் பத்திரங்கள் தப்பி உயில்கள் மட்டும் போயிருக்கலாம், அல்லது தீக்குப் பிறகு மக்கள் தங்கள் கைவசமிருந்த நகல்களைக் கொண்டுவந்து மீண்டும் பதிந்திருக்கலாம்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. நிர்வாகி கடன் கொடுத்தவர்களுக்குச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டிருப்பார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தொகுப்பில் அதைத் தேடலாம். வாரிசுகள் பின்னாளில் நிலத்தை விற்ற பத்திரத்தில் எல்லோருடைய பெயரும் சேர்ந்து வந்திருக்கும். நிலம் அடுத்த கவுண்டிக்குள்ளும் நீண்டிருந்தால் அங்கே உயிலின் நகல் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. சொத்துத் தகராறு மேல்முறையீடாகச் சென்றிருந்தால், கீழ் நீதிமன்றத் தாள்களின் நகல்கள் மாநில உச்ச நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் இருக்கும். வட கரோலினாவில் அந்தக் கட்டுகளும் ராலே ஆவணக் காப்பகத்தில்தான் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே கவுண்டிப் பெயரோடு நிறுத்தாமல், குடும்பப் பெயரை மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளின் அட்டவணையிலும் ஒருமுறை பாருங்கள்.